புயல் ஒரு நாள், இருட்டு ஒரு வாரம்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு புயலைப் பத்திப் பேசப்போறோம். சரியாச் சொல்லணும்னா, புயல் போனதுக்கு அப்புறம் வர்ற நாட்களைப் பத்தி.

"உனக்கு ஊரு சங்கரன்கோவில். அங்க மழை வந்தாலே அதிசயம். நீ எதுக்குடா புயலைப் பத்திப் பேசுற?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். கடற்கரை எங்க ஊருக்கு ரொம்பவே தள்ளி. ஆனா கரண்ட் கட்டைப் பத்திப் பேச எங்களுக்கு முழுத் தகுதி இருக்கு. 2012 வாக்குல, சென்னையைத் தவிர மத்த மாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல மின்வெட்டு இருந்த காலத்துல நான் ஸ்கூல் படிச்சேன். எங்க ஊர்ல விசைத்தறி அதிகம். தெருவுல தறிச் சத்தம் நின்னா கரண்ட் போயிடுச்சு, மறுபடி கேட்டா வந்திடுச்சு. சுவிட்சைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ஆனா அந்த மின்வெட்டும் புயல் மின்தடையும் ஒண்ணு இல்லை. அப்போ கம்பி நல்லா இருந்தது, அதுல அனுப்ப மின்சாரம் பத்தலை. புயல்ல மின்சாரம் இருக்கும், அதை வீட்டுக்குக் கொண்டுவர்ற கம்பி இருக்காது. மின்வெட்டுக்கு ஏதோ ஒரு டைம்டேபிள் இருந்தது. அஞ்சு மணிக்குப் போனா ஏழு மணிக்கு வரும்னு ஒரு கணக்குல அம்மா மாவு அரைப்பாங்க. புயலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. எப்போ வரும்னு மின்வாரியத்துக்கே முதல் ரெண்டு நாள் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கிட்டு மேல கேளுங்க.

வர்தா கத்துக்கொடுத்தது

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் பிற்பகலில் சென்னை அருகே கரையைக் கடந்தது. முந்தின வருஷம், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அதனால நிறைய பேர் தண்ணிக்குத்தான் பயந்துகிட்டு இருந்தாங்க. வந்தது காத்து. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காத்து. பல்லாயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடையாறு, அண்ணா நகர் மாதிரி நிழலுக்குப் பேர்போன பகுதிகள்ல தெருவே தெரியலை. ஐஐடி வளாகம், கிண்டி தேசியப் பூங்கா எல்லாம் அடி வாங்கின. வண்டலூர் உயிரியல் பூங்காவை மரங்களை அகற்றுவதற்காகப் பல வாரம் மூடி வெச்சிருந்தாங்க.

அந்த நேரத்துக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. நவம்பர் 8ஆம் தேதிதான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதுன்னு அறிவிச்சிருந்தாங்க. கையில நோட்டு இல்லை. கார்டு தேய்க்கலாம்னா மெஷினுக்கு கரண்ட் இல்லை, கரண்ட் இருந்தா நெட்வொர்க் இல்லை. ஏடிஎம்மும் அதே கதை. தண்ணி கேன், பால், மெழுகுவத்தி எல்லாமே ரொக்கத்துக்குத்தான் கிடைச்சது. இன்னைக்கு நாம டீக்கடையில கூட யுபிஐ. அப்போ இருந்ததை விட இப்போ நாம கரண்டையும் டவரையும் அதிகமா நம்பி வாழுறோம். அதனால முதல் தயாரிப்பு ரொம்பச் சாதாரணம்: புயல் சின்னம் உருவாகுதுன்னு கேள்விப்பட்டதும், பத்து, இருபது, நூறு ரூபாய் நோட்டாக் கொஞ்சம் பணம் எடுத்து வீட்டில் வைங்க. 500 ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தர அன்னைக்கு யாரும் இருக்க மாட்டாங்க.

தெற்கத்திக்காரங்க "நமக்கெல்லாம் புயல் வராது"ன்னு இருக்கவும் முடியாது. 2017இல் ஒக்கி. நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலம், மறுநாளே புயல். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சரிந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. 2023 டிசம்பரில் வந்தது புயல் கூட இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தூத்துக்குடியும் நெல்லையும் நாட்கணக்கில் தவிச்சது. அதனால தயாராக ஒரு வாரம் கிடைக்கும்னு நினைக்காதீங்க. சில நேரம் ஒரு ராத்திரிதான் கிடைக்கும்.

மரம் ஏன் விழுது?

காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அது மரத்தைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆடிக்கிட்டு இருந்த மரம், 100 கிலோமீட்டரில் நாலு மடங்கு தள்ளலைத் தாங்கணும். எங்க பக்கம் ஆலங்குளம், சுரண்டை ரோட்டுல நிக்கிற காத்தாலைகளைப் பார்த்திருப்பீங்க. பெரும்பாலான காத்தாலைகள், காத்து மணிக்கு 90 கிலோமீட்டர் அளவைத் தொட்டதும், இறக்கையைத் திருப்பிக்கிட்டு உற்பத்தியை நிறுத்திடும். காத்தை எதிர்க்காம வழிவிடுற மாதிரியான வடிவமைப்பு அது. மரத்துக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. வளையும், இலையை உதிர்க்கும், கிளையை விடும். அதுக்கு மேல வேர்தான் தாங்கணும்.

நகரத்துல சிக்கலே அந்த வேர்லதான். மரத்தின் வேர்கள்ல பெரும்பகுதி மேல்மண்ணில், மூணடி ஆழத்துக்குள்ளதான் பக்கவாட்டில் பரவும். நாம என்ன பண்றோம்? ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் மழைநீர் வடிகால், அடிமரம் வரைக்கும் சிமென்ட். போதாததுக்கு கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரையே வெட்டிடுறோம். மேல பார்த்தா பச்சைப் பசேல்னு இருக்கும், கீழ பிடிமானம் இருக்காது. ரெண்டு நாள் மழையில மண்ணும் சேறாகிட்டா முடிஞ்சது.

எந்த மரம்கிறதும் முக்கியம். குல்மோகர்னு சொல்ற செம்மயிற்கொன்றை மடகாஸ்கர்லேருந்து வந்தது. சீக்கிரம் வளரும், கொத்துக் கொத்தாப் பூக்கும், ஆனா கிளை லேசா முறியும். தூங்குமூஞ்சி மரத்துக்குக் குடை பெருசு, நகரத்துல வேருக்குக் கிடைக்கிற இடம் சின்னது. வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை இதெல்லாம் நம்ம மண்ணுக்குப் பழகினவை. அதுக்காக நாட்டு மரம் விழவே விழாதுன்னு சொல்லலை. வேரை வெட்டினா வேம்பும் விழும்.

புயலின் கண்ணைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். புயலின் மையம் உங்க தலைக்கு மேல வந்தா, காத்து திடீர்னு நின்னுடும். புயல் முடிஞ்சதுன்னு தோணும். முடியலை. மையம் நகர்ந்ததும் காத்து எதிர்த்திசையிலேருந்து அடிக்கும். முதல் பாதியில தளர்ந்துபோன மரம், ரெண்டாம் பாதியில சாயும். வேடிக்கை பார்க்கவும், வண்டியை நகர்த்தி வைக்கவும் வெளியே வர்றவங்க மாட்டிக்கிறது அந்த இடைவெளியிலதான். அதிகாரபூர்வமா அறிவிப்பு வர்ற வரைக்கும் வாசலைத் தாண்டாதீங்க.

பக்கத்துத் தெருவுக்கு வந்திடுச்சு, நமக்கு மட்டும் ஏன் வரலை?

ஒவ்வொரு புயலுக்கும் இந்தக் கேள்வி வரும். மின்சாரம் வர்ற வழியைப் பார்ப்போம். பெரிய கோபுரங்கள் வழியா துணை மின்நிலையம். அங்கேருந்து 11,000 வோல்ட் ஃபீடர். அது தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கு வந்து குறைஞ்சு, கம்பம் கம்பமா உங்க வீட்டு மீட்டருக்கு வரும். இது ஒரு மரம் மாதிரிதான்: தண்டு, கிளை, இலை. தண்டு அறுந்தா ஊரே இருட்டு. இலைக்காம்பு அறுந்தா உங்க வீடு மட்டும்.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். சர்வர் படுத்துக்கிச்சுன்னா முதல்ல டேட்டாபேஸைத்தானே எழுப்புவோம்? ஒரே ஒரு யூசரோட பிரச்னை கடைசியில வரும். மின்வாரியமும் அப்படித்தான் செய்யுது. முதல்ல கோபுரங்கள், துணை மின்நிலையங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம் இருக்கிற ஃபீடர்கள். அப்புறம் தெரு. கடைசியா தனி வீட்டு இணைப்பு. பக்கத்துத் தெரு வேற டிரான்ஸ்பார்மர்ல இருந்தா அவங்களுக்கு முதல்ல வரும். அதுல பாரபட்சம் ஒண்ணும் இல்லை.

அளவு எப்படி இருக்கும்னு புரியணும்னா கஜாவைப் பாருங்க. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமாயின. பல மாவட்டங்கள்லேருந்து ஊழியர்கள் போய், சேறும் தென்னை மரமும் கிடந்த வயல்கள்ல கம்பம் சுமந்து நட்டாங்க. சில கிராமங்களுக்கு வாரக்கணக்கில் ஆச்சு. நம்ம பக்கம் ஒரே ஒரு மரம் விழுந்தாலும் வேலை இதேதான். மரத்தை அறுக்கணும், கம்பத்தை நிமிர்த்தணும், கம்பி இழுக்கணும், ஒவ்வொரு பிரிவா சோதிச்சுத்தான் சுவிட்சைப் போடணும்.

இன்வெர்ட்டர் கணக்கு

"எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு"ன்னு நிம்மதியா இருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. வழக்கமா வீட்டில் இருக்கிற பேட்டரி 12 வோல்ட், 150 ஏஎச். பெருக்கினா 1,800 வாட்-ஹவர், அதாவது 1.8 யூனிட். அதுல முழுசும் கைக்கு வராது. பேட்டரியை அடிவரைக்கும் காலி பண்ணக் கூடாது, மாத்தும்போது நஷ்டம் இருக்கு, பேட்டரிக்கு வயசும் ஆகியிருக்கும். 1,000 வாட்-ஹவர்னு வெச்சுக்கோங்க.

ரெண்டு சாதா ஃபேன், தலா 75 வாட். மூணு டியூப் லைட், தலா 20. ஒரு டிவி, 80. இன்வெர்ட்டர் தனக்கே ஒரு 15 வாட் எடுத்துக்கும். மொத்தம் 305. மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும், அவ்வளவுதான்.

இப்போ எல்லாரும் ஒரே ரூம்ல படுத்துக்கோங்க. ஒரு பிஎல்டிசி ஃபேன் 30 வாட், ஒரு எல்இடி பல்பு 9, வைஃபை ரவுட்டர் 10, இன்வெர்ட்டர் 15. மொத்தம் 64. அதே பேட்டரி 15 மணி நேரம் வரும். ராத்திரி மட்டும் போட்டா ரெண்டு ராத்திரி ஓட்டலாம். பேட்டரியை மாத்தலை, பயன்படுத்துற விதத்தைத்தான் மாத்தினோம். நாளைக்கே வந்திடும்னு நினைச்சு முதல் நாள் டிவி பார்க்கிற வீட்டுக்கு ரெண்டாவது ராத்திரி விளக்கே இருக்காது.

பவர் பேங்குக்கும் இதே கணக்குதான். 20,000 எம்ஏஎச்னு போட்டிருக்கும். 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட்-ஹவர். நஷ்டம் போக ஒரு சாதாரண போனை ரெண்டரை தடவை சார்ஜ் பண்ணலாம், நாலு தடவை வராது.

கரண்ட் போனா தண்ணியும் போகும்

அபார்ட்மென்ட்ல முதல்ல தீர்ந்துபோறது வெளிச்சம் இல்லை, தண்ணி. வர்தா சமயத்தில் நான் இன்ஜினியரிங் மாணவன். எங்க ஹாஸ்டல்ல மேல்நிலைத் தொட்டி மறுநாள் மத்தியானம் காலி. கீழே தொட்டி நிறைய தண்ணி இருக்கு, மேல ஏத்த மோட்டார் ஓடலை. மூணு மாடிக்கு பக்கெட்டுல தூக்கினோம். ஒரு எச்பி மோட்டாருக்கு ஓடும்போதே கிட்டத்தட்ட 1,000 வாட் வேணும், ஸ்டார்ட் ஆகும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

அதனால எச்சரிக்கை வந்த அன்னைக்கே மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்க. குடம், பக்கெட், அண்டா எல்லாத்தையும் நிரப்புங்க. குடிக்கிற தண்ணி தனி. லிஃப்டை நம்பாதீங்க. உங்க பிளாக்குல மேல் மாடியில தனியா இருக்கிற பெரியவங்க யாருன்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. கரண்ட் போனா அவங்க அங்கேயே மாட்டிக்குவாங்க. வீட்டில் இன்சுலின் போடுறவங்க இருந்தா, எவ்வளவு நாள் வெளியே வைக்கலாம்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுக்கோங்க. மருந்தை ஐஸ் மேல நேரா வைக்காதீங்க, உறைஞ்சா அது வீண். ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காம இருந்தா நாலு மணி நேரம் வரைக்கும் குளிர் தாங்கும்.

ஊர்ல ஒரு ஆள்

செல்போன் டவருக்கும் கரண்ட் வேணும். பேட்டரியும் ஜெனரேட்டரும் சில மணி நேரம் தாங்கும், அப்புறம் ஒவ்வொண்ணா அணையும். இருக்கிற டவர்ல கூட்டம் முட்டும். அந்த நேரத்துல வீடியோ கால் போகாது, எஸ்எம்எஸ் போகும். சிக்னல் இல்லாத இடத்துல போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னுடும். அதனால ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு, மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

எங்க குடும்பத்துல ஒரு ஏற்பாடு இருக்கு. சென்னையில நாலு பேர், பெங்களூர்ல ரெண்டு பேர். ஆபத்து நேரத்துல நாங்க ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட மாட்டோம். எல்லாரும் சங்கரன்கோவில்ல இருக்கிற சித்தப்பாவுக்கு "நல்லா இருக்கேன்"னு ஒரு எஸ்எம்எஸ். யாருக்கு யாரைப் பத்தித் தெரியணுமோ அவரைக் கேட்டுக்கலாம். புயல் அடிக்கிற ஊருக்கு உள்ளேயே கூப்பிட்டுத் தேடுறதை விட, வெளியே இருக்கிற ஒருத்தரைப் பிடிக்கிறது சுலபம்.

நம்பர்களைப் பேப்பர்ல எழுதி ஒட்டுங்க. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மாநில அவசர எண் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913. வானிலைக்கு டிஎன்-அலர்ட் செயலி இருக்கு. மஞ்சள்னா கவனிக்கணும், ஆரஞ்சுன்னா தயாராகணும், சிவப்புன்னா உடனே செயல்படணும். ஆரஞ்சு வந்ததுமே வேலையை முடிச்சிடுங்க.

மறுநாள் காலைதான் ஆபத்து

காத்து நின்னதும் எல்லாரும் தெருவுக்கு வருவோம். அங்கதான் உயிர் போகுது. அறுந்து கிடக்கிற கம்பியில கரண்ட் இல்லைன்னு பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்தது 30 அடி தள்ளி நில்லுங்க, யாரையும் அந்தப் பக்கம் விடாதீங்க, தகவல் சொல்லுங்க. கம்பி மேல சாய்ஞ்ச ஈர மரத்தையும் கம்பியா நினைச்சுக்கோங்க. தெரியாம பக்கத்துல போயிட்டா ஓடாதீங்க. ரெண்டு காலையும் தரையிலேருந்து எடுக்காம, ஒட்டி ஒட்டி நகர்ந்து வெளியே வாங்க. அகலமா அடி வெச்சா, ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கிற மின்னழுத்த வித்தியாசம் உடம்பு வழியாப் பாயும்.

இந்த எபிசோடுல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா அது இதுவா இருக்கட்டும். வாடகை ஜெனரேட்டரை எடுத்துட்டு வந்து, ஒயரை நேரா வீட்டு பிளக் பாயின்ட்டுல சொருகுறவங்க இருக்காங்க. மெயினையும் அணைக்காம விட்டா, அந்த மின்சாரம் மீட்டர் வழியாத் தெருக் கம்பிக்குப் போகும். அங்கேருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னு தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைக்கிற அதே பெட்டி, பின்னாடியிருந்து வர்ற 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தி மறுபக்கம் அனுப்பும். துணை மின்நிலையத்துல லைனை அணைச்சாச்சுங்கிற நம்பிக்கையில மூணாவது தெருவுல ஒருத்தர் கம்பத்து மேல நிற்பார். உங்க வீட்டு ஃபேனுக்காக அவர் உயிர் போகும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாம ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்ல இணைக்கவே கூடாது. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைதான். அதைப் புயலுக்கு முன்னாடி முடிங்க. ஜெனரேட்டரை வீட்டுக்கு உள்ளேயோ மூடின பார்க்கிங்லயோ வைக்காதீங்க. அதன் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிடும்.

அப்போ மரத்தை வெட்டிடலாமா?

ஒவ்வொரு புயலுக்கு அப்புறமும் குடியிருப்போர் கூட்டத்துல இந்தக் குரல் வரும். "எதுக்கு வம்பு, வெட்டிடலாம்." வெயில்ல வளர்ந்தவன் சொல்றேன், அந்த முடிவுக்கு ஏப்ரல், மே மாசத்துல விலை கொடுப்பீங்க. வெட்டாமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கு. ஆனா அதை நவம்பர்ல செய்ய முடியாது. ஆகஸ்ட், செப்டம்பர்ல செய்யணும்.

உங்க தெரு மரங்களை ஒரு ஞாயித்துக்கிழமை சுத்திப் பாருங்க. அடிமரத்துல காளான் இருக்கா? ஒரு பக்கம் மண் வெடிச்சிருக்கா? முன்னாடி இல்லாத சாய்வு இப்போ இருக்கா? தட்டினா உள்ளே பொந்து மாதிரிச் சத்தம் வருதா? இருந்தா போட்டோ எடுத்து மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ புகார் கொடுங்க. கம்பியைத் தொடுற கிளைகளை மின்வாரியத்துக்குச் சொல்லுங்க. லைனை அணைச்சிட்டு அவங்கதான் வெட்டணும், நீங்க ஏறாதீங்க. கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமா, காத்து புகுந்து போற மாதிரிக் கழிக்கணும். மொட்டையடிச்சா, அந்த இடத்துல வர்ற புதுக் கொப்பு பலமா ஒட்டாது, அடுத்த புயலுக்கு அதுதான் முதல்ல முறியும். அடிமரத்தைச் சுத்தி மூணடிக்கு சிமென்ட்டை எடுத்து மண்ணை விடுங்க. யாராவது பள்ளம் தோண்ட வந்தா, வேரை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க. புதுசா நடுறதா இருந்தா, கம்பிக்குக் கீழ உயரமா வளராத மரமா நடுங்க.

இந்த வாரம் மூணே வேலை வெச்சுக்கோங்க. பேட்டரி கணக்கைப் போட்டுப் பாருங்க. வெளியூர்ல ஒரு ஆளை முடிவு பண்ணி எல்லாருக்கும் அவர் நம்பரைக் கொடுங்க. ஜெனரேட்டர் இருந்தா சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. உங்க வீட்டு இன்வெர்ட்டர் கணக்கு என்ன வந்ததுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சிலதை எடுத்துப் பேசுறேன். லைன்மேன் தெருவுக்கு வந்தா எப்போ வரும்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ஒரு சொம்பு தண்ணி கொடுங்க. பத்திரமா இருங்க. வர்றேன்.